வாலை வெட்டலாம்... குணத்தை வெட்ட முடியுமா?

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை



“நாய் வாலை நிமிர்த்த முடியாது” என்பது நம் ஊர்ப் பழமொழி. டாபர்மேன் விஷயத்தில் மனிதன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். நிமிர்த்த முடியாவிட்டால் என்ன? வெட்டி எறி! டாபர்மேன் பிறக்கும்போதே குட்டை வாலோடும், ஈட்டி மாதிரி நிமிர்ந்த காதோடும் பிறக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை நண்பர்களே! அதற்கு நீளமான வால் உண்டு. மடிந்து தொங்கும் காது உண்டு. பிறந்த சில நாட்களில் வாலையும், சில வாரங்கள் கழித்துக் காதையும் வெட்டிக் கட்டுப் போட்டு நிறுத்திய பிறகுதான் அந்த ‘பயங்கர’த் தோற்றம் வருகிறது.

தோற்றத்தைப் பார்த்து வாங்குகிறோம். குணம் தெரியாமல் வளர்க்கிறோம். பத்து மாதத்தில் அது வளர்ந்து நின்றதும் பயந்துபோய்த் துரத்துகிறோம். இதைப் பற்றித்தான் இம்மலர் வாயிலாக உங்களிடம் நாலு வார்த்தை பேச விழைகிறேன்.

“ஆண்டு மலர்ல போய் நாயைப் பத்தி எழுதறியே, வேற சப்ஜெக்டே கிடைக்கலையா மச்சான்?” என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். அதே நண்பன்தான் போன மாதம் கேன்டீனில் உட்கார்ந்து, “முதல் சம்பளத்துல பைக்குக்கு அட்வான்ஸ், ரெண்டாவது சம்பளத்துல ஒரு டாபர்மேன் குட்டி” என்று திட்டம் போட்டவன்! அவனைப் போல் இன்னும் எத்தனை பேரோ! அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த நாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியில் அபோல்டா என்று ஒரு சிறிய ஊர். அங்கே கார்ல் பிரெடரிக் லூயிஸ் டாபர்மேன் (1834-1894) என்பவர் வரி வசூல் செய்துவந்தார். தெருநாய்களைப் பிடிக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. நம் பெரிய மார்க்கெட்டில் கடை கடையாக அடிக்காசு வாங்க வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பையில் ஊரார் பணம். வழியில் திருடர் பயம். கூடவே நடந்துவர ஒரு துணை வேண்டும். அதற்காக அவர் பல நாய்களைக் கலந்து உருவாக்கிய இனத்துக்குத்தான் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். எந்தெந்த நாயைக் கலந்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ராட்வீலர், ஜெர்மன் பின்ஷர் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு பொசெரான் நாயும் இருக்கலாம் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்க்காரர்களான நமக்கு அந்த வகையில் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதர் வாசலில் கட்டிப்போட நாய் தேடவில்லை. தன் பக்கத்தில் நடந்துவர நாய் தேடினார். டாபர்மேனின் குணம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது என்பது என் கருத்து. அது ஒரு மனிதனோடு ஒட்டிக்கொள்வதற்காகவே உருவான நாய். நீங்கள் எழுந்தால் எழும். அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே வரும். உங்கள் குரல் உயர்ந்தால் அதன் காது தாழும்.

சாதனைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் 1944-ல் குவாம் தீவில் அமெரிக்க மரைன் படை வீரர்களோடு போய் உயிரைக் கொடுத்த 25 நாய்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் சிலையாக உட்கார்ந்திருப்பது ஒரு டாபர்மேன். பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் தாவணகெரே போலீஸின் துங்கா என்ற பெண் டாபர்மேன், 2020-ல் ஒரு கொலை வழக்கில் சுமார் 12 கிலோமீட்டர் மோப்பம் பிடித்தே ஓடி, சந்தேகப்பட்ட ஆள் இருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது. அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தினமும் குளிப்பாட்டி, சோறு போட்டு, பயிற்சி கொடுத்த மனிதர். சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் எதுவும் பதக்கம் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை!

மின்னியல் மாணவன் என்பதால் எங்கள் லேப் பாஷையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிலே என்று ஒரு கருவி உண்டு. லைனில் கோளாறு வந்தால் கண் இமைப்பதற்குள் உணர்ந்து, சர்க்யூட் பிரேக்கருக்கு உத்தரவு கொடுக்கும். செட்டிங் சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய காவல் இல்லை. செட்டிங் தவறினாலோ, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டுக்கே டிரிப் அடித்துவிடும். அதற்காக ரிலேயைக் குப்பையில் போடுவோமா?

டாபர்மேனும் ஏறக்குறைய இப்படித்தான். சட்டென்று உணரும், சட்டென்று செயல்படும். எது ஆபத்து, எது சாதாரணம் என்ற செட்டிங்கை நாம்தான் பழக்க வேண்டும். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை அது பார்க்கும் மனிதர்கள், கேட்கும் சத்தம் எல்லாம் மனதில் ஆழமாகப் பதியும். இரண்டு வயது ஆகும்வரை உடம்பு பெரிதாக இருந்தாலும் மனசு விடலைப் பிள்ளைதான். நாமோ என்ன செய்கிறோம்? “யாரையும் பார்க்க விடாதே, இருட்டுல கட்டு, அப்பத்தான் வெறி வரும்” என்கிறோம். வெறி வருவதில்லை நண்பர்களே, பயம்தான் வருகிறது. பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும்.

இன்னொரு கட்டுக்கதையும் உண்டு. “டாபர்மேனுக்கு மூளை வளந்துக்கிட்டே போகும், மண்டை பத்தாது, கடைசியில பைத்தியம் புடிச்சு வளத்தவனையே கடிக்கும்!” படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது சுத்தப் பொய். மற்ற நாய்களுக்கு எப்படியோ அப்படித்தான் இதற்கும் மூளையும் மண்டையும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் சின்ன வாழை இலைக் கடை. முதல் முதலமைச்சர் எதுவார் கூபேர் பெயரில் கூபேர் மார்க்கெட் என்று அழைத்தாலும், எங்களுக்கு என்றைக்கும் அது பெரிய மார்க்கெட்தான். அங்கே சரக்கு வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், குடோன் காவலுக்கு என்று டாபர்மேன் குட்டி ஒன்றை வாங்கினார். ராணி என்று பெயர். பகலெல்லாம் நாலடிச் சங்கிலி. எதிரே தள்ளுவண்டிச் சத்தம், மூட்டை இறக்கும் சத்தம், மீன்காரம்மாக்களின் கூச்சல். ராத்திரியில் ஷட்டரை இழுத்துவிட்டால் தன்னந்தனியாக இருட்டு. பத்தாவது மாதத்தில் அது போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைத்தது. மூட்டைகளைக் கடித்துக் குதறியது. ஒருநாள் சுமை தூக்கும் அண்ணன் ஒருவரின் கைலியைக் கிழித்துவிட்டது.

“அண்ணே, இது பைத்தியம் புடிச்ச நாய். காசு ஒண்ணும் வேணாம், ஓட்டிக்கிட்டுப் போங்க. இல்லன்னா ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுடுவேன்” என்று அப்பாவிடம் சொன்னார் அந்த வியாபாரி. அப்பா என்னைப் பார்த்தார். அப்படித்தான் ராணி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வளர்ந்த குட்டியைத் தத்தெடுப்பது கஷ்டமா? கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியம் அல்ல. முதல் ஒரு வாரம் அக்கம்பக்கத்தார் யாரையும் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தாழ்வாரத்தில் அவளுக்கென்று ஒரு மூலை, ஒரு பழைய ஜமக்காளம். சோறும் தண்ணீரும் நான் ஒருவனே வைத்தேன். அவளாக வரும்வரை தொடவில்லை. நான்காம் நாள், நான் எலெக்ட்ரிகல் மெஷின்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது மெல்ல வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பைத்தியம் பிடித்த நாயாம்!

அதன்பின் காலை 5 மணிக்கு சோலை நகர் கடற்கரை வரை ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. உட்கார், இரு, வா என்று பத்துப் பத்து நிமிடப் பயிற்சி. செய்தால் பாராட்டும் ஒரு துண்டு முட்டையும். அடி கிடையாது. குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் போட்டோம். இந்த இனத்துக்கு இதயம் வீங்கும் நோய் வரும் வாய்ப்பு அதிகம், ரத்தம் சீக்கிரம் உறையாத பரம்பரைக் கோளாறும் உண்டு. அடிக்கடி பரிசோதனை அவசியம். சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டவுடன் ஓடவிட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நம் ஊர் வெயிலில் மதியம் வெளியே விடக்கூடாது.

இன்று ராணிக்கு இரண்டு வயது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தள்ளுவண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு விறைக்கிறது. பெண் நாய்கள் வளர்ந்தாலே 32 முதல் 35 கிலோ எடை, ஆண் நாய் 40-க்கு மேல். அந்தப் பலத்தை மதிக்க வேண்டும். அதனால் தெருவில் கயிறில்லாமல் அவளை நான் விடுவதே இல்லை. சின்னக் குழந்தைகளோடு தனியாக விடுவதும் இல்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை மூர்க்கமானவை என்று சொல்லித் தடை செய்யச் சுற்றறிக்கை விட்டது. கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அடுத்த மாதமே அதை ரத்து செய்துவிட்டன. அந்தப் பட்டியலில் டாபர்மேன் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. நாயைத் தடை செய்வதைவிட, நாலடிச் சங்கிலியில் வருடக்கணக்காகக் கட்டிப்போடும் பழக்கத்தைத் தடை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பெரும்பாலோர் எங்கே போகிறோம்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர். ஷிப்டு வேலை, ஒரு அறையில் ஆறு பேர். டாபர்மேன் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழக்கூடியது. நாம் போனபின் யார் அதை நடத்திக்கொண்டு போவது? வயதான அம்மாவா? அல்லது மறுபடியும் ஒரு குடோன் சங்கிலியா? ராணிக்காகவே முதல் ஒரு வருடம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அப்ரண்டிஸாகச் சேர்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் என் தங்கை அவளோடு பழகி, கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். சம்பளம் குறைவுதான். “நாய்க்காகவாடா?” என்று கேட்கிறார்கள். ஆமாம், நாய்க்காகத்தான்! ஏற்றுக்கொண்ட உயிருக்கு நாம்தானே பொறுப்பு?

ஆகவே நண்பர்களே, குரைப்பதற்கு மட்டும் நாய் வேண்டுமென்றால் நம் தெருவிலேயே நன்றியுள்ள ஜீவன்கள் நிறைய உண்டு. டாபர்மேன்தான் வேண்டும் என்றால், தினமும் இரண்டு மணி நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், கைவிடப்பட்டு நிற்கும் இளம் நாய் ஒன்றைத் தேடுங்கள். குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள், 2017-ம் ஆண்டு விதிகளின்படி விற்பதே குற்றம். காதையும் வாலையும் வெட்டச் சொல்லாதீர்கள். மிருகவதைத் தடைச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. இந்த நாய் பிறந்த ஜெர்மனியிலேயே இன்று அப்படி வெட்டத் தடை.

நேரம் இல்லையென்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். அதுவும் அந்த நாய்க்கு நீங்கள் செய்யும் நன்றிதான்.

சிந்திப்போம், செயல்படுவோம்!