கள்ள நோட்டும் நல்ல காசும்

நாலணா செத்துப் பல வருஷம் ஆகிறது. 2011 ஜூன் 30-ந் தேதியோடு 25 காசும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் புழக்கத்தை விட்டுப் போய்விட்டன.

காசின் மதிப்பு இறங்க இறங்க, கள்ள நோட்டுக்காரன் கணக்கும் மாறிவிட்டது. ஈயத்தை உருக்கி எட்டணா வார்த்த காலம் ஒன்று உண்டு. இன்று அப்படி வார்த்தால் அடுப்புக் கரிக்குக்கூடக் கட்டாது. அதனால் 100, 200, 500 என்று தாவிவிட்டார்கள். பெரிய அச்சகம் வேண்டாம். ஒரு கலர் பிரிண்டர் போதும்!

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சந்தை ஒன்றை நினைத்துப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரம். "ஆத்தா, சின்ன வெங்காயம் அரைக் கிலோ போடு" என்று ஆசாமி 500 ரூபாயை நீட்டுகிறான். மீதிச் சில்லறைதான் அவன் லாபம். அத்தனையும் நல்ல பணம்!

நஷ்டம் யாருக்கு? அந்த அம்மாவுக்கு. வங்கிக்குப் போனால் 'கள்ள நோட்டு' என்று முத்திரை குத்தி எடுத்துக்கொள்வார்கள். ரசீது தருவார்கள். பணம் தரமாட்டார்கள். ரிசர்வ் வங்கி விதி அப்படி.

"நாமும் யார் தலையிலாவது கட்டிவிடுவோம்" என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அதுதான் ஆபத்து! தெரிந்தே மாற்றினால், 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 179-வது பிரிவுப்படி ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். அச்சடித்தவனுக்கும் அதே தண்டனைதான்.

வங்கிக்குப் போகப் பயப்பட வேண்டாம். ஒரு தடவையில் நாலு நோட்டு வரை சிக்கினால், வங்கி மாதம் ஒருமுறை மொத்தமாகப் போலீசுக்கு அறிக்கை அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால்தான் வழக்கு.

ஏமாந்த ஏழையைக் குற்றவாளி ஆக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. சந்தைக்கு ஒரு நோட்டு பரிசோதனை மெஷின் வையுங்கள். சுங்கம் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய செலவா?

வியாபாரிகளும் உஷாராக இருக்க வேண்டும். 500 ரூபாய் நோட்டின் இரு ஓரத்திலும் ஐந்து கோடுகள் விரலில் தட்டுப்படும். சாய்த்துப் பார்த்தால் பச்சை இழை நீலமாகும்.

இன்னொரு கூத்து, பத்து ரூபாய் நாணயம். 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் "செல்லாது, போ" என்று தள்ளிய கடைகள் தமிழ்நாட்டில் எத்தனை!

நல்ல காசைத் தள்ளுகிற கை, கள்ள நோட்டைக் கொஞ்சம் தடவிப் பார்க்கட்டும்!