கணக்கை முடக்கும் சட்டம் கடைசி அரண் மட்டுமே

சிங்கப்பூரில் 2024ல் மோசடிகளால் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. பெரும்பாலான சம்பவங்களில் எவரும் வங்கிக் கணக்கை ஊடுருவவில்லை. பாதிக்கப்பட்டோரே பணத்தை அனுப்பினர். காவல்துறை அதிகாரிபோல் மிரட்டுபவர், ‘யாரிடமும் சொல்லக்கூடாது’ என்பார். அந்தத் தனிமைதான் மோசடிக்காரரின் பலம்.

2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, எவ்வளவு எடுத்துச் சொல்லியும் நம்ப மறுப்பவரின் வங்கிப் பரிவர்த்தனைகளை முதலில் 30 நாள் வரை கட்டுப்படுத்தக் காவல்துறை உத்தரவிடலாம். ஆனால், அதற்கு முன் ஆபத்தை யாராவது கவனித்திருக்க வேண்டும். பெற்றோர் திடீரென்று சேமிப்பைப் பற்றிப் பேச மறுத்தால், பிள்ளைகள் கோபப்படாமல் விசாரிப்பது நல்லது. அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1799 எண்ணை அழைக்கலாம்.