ஒதுங்கியவர்களும் ஒதுக்கப்பட்டவர்களும்

பிரிட்டனில் குடியேறியவர்கள் தம் இனத்தாரோடு ஒட்டிக்கொண்டு, தாமாகவே தனித்தனிப் பேட்டைகளில் ஒதுங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு மிகப் பழையது. 2001இல் ஓல்டம், பர்ன்லி, பிராட்போர்டு நகரங்களில் கலவரம் மூண்டபின், டெட் கான்டில் தலைமையிலான குழு, ஒன்றோடொன்று தொடாத இணைகோட்டு வாழ்க்கைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 2005 செப்டம்பரில் இன சமத்துவ ஆணையத்தின் தலைவர் டிரெவர் பிலிப்ஸ், நாடு தூக்கத்தில் நடந்தபடியே பிரிவினைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று மான்செஸ்டரில் எச்சரித்தார். தலையங்கம் எழுதுபவர்களுக்கு அன்று கிடைத்த வாசகம் இன்றுவரை தேயவில்லை. அதை எடுத்தாள்பவர்களின் வாதங்கள் ஐந்து.

முதல் வாதம்: வந்தவர்கள் இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டார்கள். இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் ஊர் தென் லண்டனின் பிரிக்ஸ்டன். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து டில்பரியில் இறங்கியவர்களில், தங்க இடமில்லாத 200க்கும் மேற்பட்டோரை அரசு கிளாப்பம் சவுத் பதுங்கு சுரங்கத்தில் இறக்கியது. போர்க்காலக் குண்டுவீச்சுக்காகத் தோண்டிய சுரங்கம் அது. 100 அடிக்கும் மேலான ஆழம், வரிசையாக அடுக்குக் கட்டில்கள், தலைக்கு மேலே நார்தர்ன் லைன் ரயில். வேலை கேட்டுப் பதிய அவர்களுக்கு அருகில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனின் கோல்ட்ஹார்பர் லேனில் இருந்தது. அங்கே பதிந்தார்கள், வேலை கிடைத்தது, பக்கத்துத் தெருக்களில் அறை எடுத்தார்கள். பின்னால் வந்த உறவினர்களும் அங்கேயே வந்தார்கள். ஒரு சுரங்கமும் ஓர் அலுவலகமும் சேர்ந்து முடிவு செய்ததை இனப்பாசம் என்று எழுதுவதற்கு நல்ல கற்பனை வேண்டும்.

மற்ற ஊர்களின் கதையும் பெரிதாக வேறுபடவில்லை. பிராட்போர்டின் கம்பளி ஆலைகளில் உள்ளூர்க்காரர்கள் சீந்தாத இரவு ஷிப்டுக்குப் பாகிஸ்தானியர் வந்தார்கள். சவுத்தாலில் பஞ்சாபியர் கூடியதற்கு அங்கிருந்த ரப்பர் ஆலை ஒரு முக்கியக் காரணம். பிற்காலத்தில் ஆலைகள் மூடின, ஆட்கள் மட்டும் எஞ்சினார்கள்.

இரண்டாம் வாதம்: விரும்பியிருந்தால் வேறிடம் போயிருக்கலாம். போயிருக்கலாம்தான், வீடு கொடுக்க ஆள் இருந்திருந்தால். 'கறுப்பருக்கு இல்லை' என்று ஜன்னலில் அட்டை மாட்டுவதைத் தடுக்க அன்று சட்டம் கிடையாது. 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டமும், இனம் பார்த்து வீடு வாடகைக்கு விட மறுப்பதைத் தடுக்கவில்லை. நகராட்சி வீடுகளுக்கு வேறு பூட்டு இருந்தது. பர்மிங்காமில் ஐந்தாண்டு அந்நகரில் வசித்தவர்கள்தான் அதற்குத் தகுதி பெற முடியும். ஜான் ரெக்ஸ், ராபர்ட் மூர் இருவரும் ஸ்பார்க்புரூக் பகுதியை ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட நூல் இந்த விதியின் விளைவை விரிவாகச் சொல்கிறது. வாடகைக்கும் இடமில்லை, நகராட்சி வீடும் இல்லை என்றானபின், இடிந்து விழக் காத்திருந்த பெரிய பழைய வீடுகள்தான் மிஞ்சின. கடன் சங்கங்கள் கைவிரித்ததால், ஜமைக்கா மக்கள் 'பார்ட்னர்' என்ற சீட்டுப் பணத்தில் முன்பணம் திரட்டி அவற்றை வாங்கினார்கள். கடனை அடைக்க அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். அந்த அறைகளுக்கு வந்தவர்கள் யார்? வேறெங்கும் அறை கிடைக்காதவர்கள். நெரிசல் வந்ததும், 'இவர்களுக்கு நெருக்கியடித்து வாழ்வதுதான் பிடிக்கும்' என்றது அண்டை வீட்டு ஞானம்.

மூன்றாம் வாதம்: அரசு பரவலாகக் குடியமர்த்த முயன்றும் அவர்கள் கேட்கவில்லை. 1972இல் உகாண்டா அதிபர் இடி அமின் விரட்டிய ஆசியர்களில் ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். லெஸ்டர் நகர மன்றம் 'இங்கே வராதீர்கள்' என்று உகாண்டா ஆர்கஸ் நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. மறுகுடியமர்வு வாரியம் அந்நகரை, போக வேண்டாம் என்று குறித்த சிவப்புப் பகுதியில் சேர்த்தது. ஆனாலும் பலர் அங்கேயே போனார்கள். உறவினர் இருந்தார்கள், பின்னலாடை ஆலைகளில் வேலை இருந்தது. போகலாம் என்று வாரியம் காட்டிய, ஆனால் வேலையில்லாத பச்சைப் பகுதியில் பட்டினி கிடப்பதுதான் ஒருங்கிணைப்பு என்றால், அதை அவர்கள் மறுத்தது உண்மையே. அதே லெஸ்டர் பின்னாளில் அவர்களைத் தன் பெருமையாகக் காட்டிக்கொண்டது.

நான்காம் வாதம்: பிரிவு நாளுக்கு நாள் முற்றுகிறது. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டவர்கள், பெரும்பாலான சிறுபான்மை இனத்தாரின் குடியிருப்புச் செறிவு குறைந்திருப்பதையே கண்டார்கள்.

ஐந்தாம் வாதம்: சொந்த மக்களோடு கூடி வாழ்வது வந்தேறிகளின் குணம். ஸ்பெயினின் அலிகாண்டே மாகாணத்தில் சான் ஃபுல்ஹென்சியோ என்றொரு ஊர் உண்டு. அங்கே வெளிநாட்டவரே பெரும்பான்மை, அவர்களில் பிரிட்டிஷார் மிகுதி. அந்தக் கடற்கரைப் பகுதியில் ஆங்கில மதுக்கடையும் ஆங்கிலப் பத்திரிகையும் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களுக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. வெயிலையும் அண்டை வீட்டாரையும் பார்த்துத் தாமாகவே தேர்ந்த இடம் அது. அதைப் பற்றி எச்சரிக்கை உரைகள் கேட்பதில்லை.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பது பிரிட்டனில் சட்டவிரோதமானது 1968இல்தான். அதற்குள் பிரிக்ஸ்டனும் சவுத்தாலும் உருவாகி முடிந்திருந்தன. கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு, வெளியே நின்றவர்களிடம் ஏன் ஒன்றாக நின்றீர்கள் என்று விசாரிப்பது ஆராய்ச்சி ஆகாது.