தரைத்தள வீடுகளைக் குலுக்கலில் போடாதீர்கள்



எங்கள் பகுதியில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டு கால்களும் செயலிழந்த ஒருவருக்கு மூன்றாம் மாடியில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்துதான் ஏறுகிறார். அவருடைய மூன்று சக்கர வண்டி கீழே மழையில் நனைகிறது. வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) தைத்துக் கொடுப்பவர் அவர். தோல் கட்டு கொண்டுவருபவர் மாடி ஏற மறுப்பதால் அந்த வேலையும் குறைந்துவிட்டது. முறையிட்டால், "குலுக்கலில் விழுந்தது, எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்று பதில் வருகிறது.

நடக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே குலுக்கல் போடுவதே பாரபட்சம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37ஆம் பிரிவில், வீட்டுத் திட்டங்களில் இவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. கணக்கில் 5 சதவீதம் காட்டிவிட்டு ஆளை மாடியில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்ததா? தரைத்தள வீடுகளை முதலில் இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்குக் குலுக்குங்கள்.

சாவி கொடுத்த பிறகு நடப்பதையும் அரசு கவனிக்க வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு, 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடம் விடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொதுப்பணத்தில் கட்டிய இடத்தில் சங்கம் வைப்பதே சட்டம் ஆகிவிடக் கூடாது. சாய்தளம் கேட்டால், "பைக் நிறுத்த இடம் போய்விடும்" என்று தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. திருநங்கை குடிவருவதை எதிர்க்கவும் இல்லை. அவர்களுக்கான 2019ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் அப்படி எதிர்ப்பதைத் தடுக்கிறது. சாதி பார்த்துக் குடியிருப்பில் தடை போடுவது தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். இவற்றை ஒதுக்கீட்டு ஆணையிலும் ஒவ்வொரு பிளாக் வாசலிலும் தமிழில் எழுதி வையுங்கள். புகார் வாங்க சங்கத்துக்கு வெளியே ஓர் அதிகாரியை நியமியுங்கள்.

எங்கள் சோளிங்கர், நரசிம்மர் மலைக்கோயிலுக்கு ரோப் கார் விட்ட ஊர். படி ஏற முடியாதவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் முதலில் சொன்ன குடியிருப்பில் தரைத்தளத்து வீடு ஒன்று, ஒதுக்கீடு பெற்றவர் குடிவராமல் பூட்டிக் கிடக்கிறது. மாவட்ட நிர்வாகம் நேரில் பார்த்து, அதை மூன்றாம் மாடியில் இருக்கும் அந்த மாற்றுத்திறனாளிக்கு உடனே மாற்றித்தர வேண்டும்.

– ஒரு வாசகர், சோளிங்கர், ராணிப்பேட்டை மாவட்டம்