காதில் ஊற்றும் எண்ணெய்

என் மாமா பல்லடம் பக்கத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காதில் ‘ஙொய்’யென்று இரைச்சல். அந்தக் காதில் போனை வைத்தால் பேச்சே கேட்கவில்லை. அத்தை உடனே நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் காதில் விட்டார். ‘அழுக்கு அடைச்சிருக்குமுங்க, எண்ணெய் விட்டா ஊறி வந்துரும்’ என்றது தெரு. இருபது நாள் விட்டார்கள். அப்புறம்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: ‘ஏனுங்க இத்தனை நாள் விட்டீங்க?’

காது இரைந்தால் அழுக்கு, அழுக்குக்கு எண்ணெய். தலைமுறை தலைமுறையாக வரும் இந்த நம்பிக்கை பொய். அது காதுகளைக் காவு வாங்குவதைக் கண்ணெதிரே பார்த்ததால் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

ஊற்றிய எண்ணெய் எதுவரை போகும்? காதுத் துவாரத்தின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் முடிவில் செவிப்பறை. எண்ணெய்க்கு அதற்கு மேல் வழியில்லை. இரைச்சலுக்கான காரணமோ பெரும்பாலும் அதற்கும் அப்பால், எலும்புக்குள் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உட்செவியில். அங்கே ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் ஓசையை நரம்புச் சைகையாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. ஓயாத தறிச்சத்தம் அவற்றைக் கொல்கிறது. முதுமையும் கொல்கிறது. காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் கொல்லக்கூடும். செத்த செல்கள் கோழிக்கு மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் சைகை குறையக் குறைய, மூளை அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அப்போது இல்லாத ஓசையும் கேட்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதைக் கழுவி எடுக்க எந்தச் செக்கு எண்ணெயாலும் ஆகாது.

1801 ஜூனில் பீத்தோவன் தன் நண்பரான டாக்டர் வெகெலருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரவும் பகலும் காது இரைகிறது, வைத்தியர் பாதாம் எண்ணெய் கொடுத்தும் பலனில்லை, காது இன்னும் மோசமாகிறது என்று அதில் புலம்புகிறார். அப்போது அவருக்கு வயது 30. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் எண்ணெயை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

‘எங்க பாட்டிக்குச் சரியாச்சே’ என்பார்கள். ஆகியிருக்கும். குறும்பி கெட்டிப்பட்டு அடைத்தாலும் காது இரையும். எண்ணெய் அதை இளக்கும். டாக்டர்களே இளக்குவதற்குச் சொட்டு மருந்து தருகிறார்கள், ஆனால் விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு. செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றினால் எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கிச் சீழ் வைக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரக் காதில் பூஞ்சையும் பிடிக்கும். சூடு கொஞ்சம் தப்பினால் காதே வெந்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய நஷ்டம், கடந்துபோகும் நாட்கள். ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்து இரைச்சலும் வந்தால் அது அவசர நோய். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களில், தள்ளிப்போனாலும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் காது மீள நல்ல வாய்ப்பு. மாமா அந்த இரண்டு வாரத்தையும் பூண்டெண்ணெயில் கழித்துவிட்டார். ஒரே பக்கம் விடாமல் இரைந்தால் செவிநரம்பில் கட்டி இருக்கலாம். நாடியோடு சேர்ந்து துடித்தால் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். தலைசுற்றலோடு வந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். கேட்புச் சோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்யாமல் இதையெல்லாம் யாரால் சொல்ல முடியும்?

மாமாவின் வலது காது திரும்பவில்லை. அத்தையை நான் குறை சொல்லவே மாட்டேன். தனக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார். காதுக்கருவி போட்ட பிறகு இரைச்சல் மாமாவைப் பகலில் அவ்வளவாகப் படுத்துவதில்லை. ராத்திரி மின்விசிறிச் சத்தத்தில்தான் தூங்குகிறார். போன மாதம் அவரோடு தறி ஓட்டியவருக்கு இடது காது அடைத்து இரைகிறது என்று சேதி வந்தது. மாமா போனபோது அவர் வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ‘அடுப்ப அணைச்சுட்டு மொதல்ல கெளம்புங்க’ என்று சொல்லி, அவரை அன்றைக்கே திருப்பூருக்கு அழைத்துப் போனார்.