எவருமற்றோருக்கு ஒரு கை நீர்

மகாளய பட்சம் நெருங்குகிறது. அந்த நாள்களில் நம் முன்னோர் நம் இல்லங்களை நாடி வருகிறார்கள் என்பது பெரியோர் வாக்கு. அமாவாசையன்று தர்ப்பணம் செய்துவைக்கும் சாஸ்திரிகள், தந்தை வழியில் மூவர், தாய் வழியில் மூவர் என்று வரிசையாகப் பெயர் சொல்லச் செய்வார். பிறகு காருண்ய பித்ருக்கள் வருவார்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, குரு, நண்பர் என்று அந்த வட்டம் விரிந்துகொண்டே போகும். முடிவில், தாய் தந்தையரும் சுற்றமும் நட்பும் இல்லாமல் போன எல்லோரும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்ற பொருளில் ஒரு மந்திரம் வரும். பவித்திரத்தை அவிழ்த்து எழுந்துகொள்ளும் அவசரத்தில் அதன் பொருள் நம் மனத்தில் பதிவதில்லை. எனக்கும் பல ஆண்டுகள் பதிந்ததில்லை.

முதல் உலகப் போரில் கடல் கடந்து சென்ற நம் நாட்டுச் சிப்பாய்களைப் பற்றியும், அவர்களுக்கு அங்கே நடந்த தொண்டுகளைப் பற்றியும் படித்த பிறகுதான் அந்த மந்திரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கிற்று. அன்பர்களும் அதை அறியவேண்டும் என்று இவ்வாரம் எழுதுகிறேன்.

1914 ஆகஸ்டு 4 அன்று இங்கிலாந்து போரில் இறங்கியது. செப்டம்பர் 26 அன்று இந்தியப் படையின் முதல் பிரிவு பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. பஞ்சாபிலும் கார்வாலிலும் நேபாள மலைகளிலும் பிறந்த உழவர் குடிப் பிள்ளைகள் அவர்கள். வெப்ப நாட்டுக்கென்று தைத்த மெல்லிய காக்கி உடையுடன், அடுத்த மாதமே பெல்ஜியத்தின் சேற்றுக் குழிகளில் நின்றார்கள். குளிரும் பனியும் ஒரு பக்கம், பீரங்கிக் குண்டுகள் ஒரு பக்கம். காயம்பட்டவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் தென்கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர்களுக்கு உதவ அந்த அக்டோபரிலேயே லண்டனில் 'இந்தியச் சிப்பாய்கள் நிதி' என்ற அமைப்பு தோன்றிற்று. கம்பளிக் காலுறை, கழுத்துத் துணி, கையுறை ஆகியவை போர்முனைக்குப் போயின. அவற்றுடன் நெய்யும் மசாலாப் பொருள்களும் இனிப்புகளும் அவரவர் சமயத்துக்குரிய புனிதப் பொருள்களும் போயின. குளிருக்குக் கம்பளி கொடுக்க யாருக்கும் தோன்றும். ஆனால் ஊர் நெய்யின் மணம் ஒரு சிப்பாய்க்கு என்ன ஆறுதல் தரும் என்று யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நாள்களில் காந்தியடிகளும் லண்டனில் இருந்தார். போர் மூண்ட இரண்டாம் நாள் அங்கே வந்து இறங்கியவர், இந்திய மாணவர்களையும் பிறரையும் திரட்டி ஏறத்தாழ 80 பேர் கொண்ட தொண்டர் படையை அமைத்தார். முதலுதவிப் பயிற்சி பெற்ற அவர்களில் பலர் நெட்லி என்ற ஊரின் ராணுவ மருத்துவமனையில் நம் சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார்கள். சரோஜினி நாயுடு அம்மையாரும் அப்போது அங்கிருந்தார். சிப்பாய்களுக்காக வெட்டிவைத்த துணிகளைக் குவியலாகக் காந்தியடிகளிடம் கொடுத்து, தைத்துத் தரச் சொன்னார். காந்தியடிகளும் நண்பர்களின் துணையோடு தம்மால் இயன்றவற்றைத் தைத்துக் கொடுத்தார்.

அஹிம்சையை விரதமாகக் கொண்டவர் போர்க்களத்துக்குத் தொண்டு செய்யலாமா என்று அன்றே கேட்டார்கள். காந்தியடிகள் இதற்குச் சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. காயம்பட்டோரைக் கவனிப்பவனுக்கும் போரின் பாவத்தில் பங்குண்டு என்றே தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் துன்பப்படுகிறவன் கண்முன் கிடக்கும்போது கைகட்டி நிற்பது தமக்கு இயலவில்லை என்று கருதினார். தர்மம் எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதை மகாபாரதம் படித்த நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இனி பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு வருவோம். அங்கே முன்னாளில் ஆங்கிலேய இளவரசர் ஒருவர் இந்தியப் பாணியில் குவிமாடங்களுடன் கட்டிய மாளிகை ஒன்றுண்டு. 1914 டிசம்பரில் அது இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாயிற்று. அதையும் அதை ஒட்டிய மண்டபங்களையும் சேர்த்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட படுக்கைகள் போட்டார்கள். சமயத்துக்கும் குலத்துக்கும் ஏற்ப 9 சமையற்கூடங்கள் அமைத்தார்கள். ஒவ்வொரு கூடத்திலும் இந்துக்களுக்குத் தனியாகவும் முஸ்லிம்களுக்குத் தனியாகவும் தண்ணீர்க் குழாய் வைத்தார்கள். அறிவிப்புகளை உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் எழுதினார்கள். தோட்டத்தில் சீக்கியர் வழிபடக் கூடாரம் எழுந்தது. முஸ்லிம்கள் புல்வெளியில் தொழுதார்கள்.

இதில் அரசியலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசர் தம் அரண்மனையையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு இந்தியா முழுதும் பரவிற்று. உண்மையில் 1850ஆம் ஆண்டிலேயே அந்த மாளிகையை நகராட்சி விலைக்கு வாங்கியிருந்தது. நோயாளிகள் ஊருக்குள் விருப்பம்போல் உலவத் தடை இருந்தது. காயம் ஆறியவர்களை மீண்டும் போர்முனைக்கே அனுப்பினார்கள். ஆயினும், நாவறண்டு கிடந்தவனுக்கு அவன் மனம் ஒப்பும் தண்ணீர் கிடைத்தது பொய்யன்று.

உயிர் பிரிந்தவர்களை என்ன செய்தார்கள்? முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்ற ஊரின் பள்ளிவாசலுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் அக்கினி சம்ஸ்காரம் நடக்கவேண்டுமே! பிரைட்டனுக்கு வடக்கே, பாட்சம் என்ற சிற்றூருக்கு மேலே, ஆடு மேயும் புல் குன்று ஒன்றைத் தேர்ந்தார்கள். அங்கே சிதை அடுக்கச் சிமெண்டு மேடைகள் கட்டினார்கள். 53 வீரர்களின் உடல்களை அங்கே அவரவர் முறைப்படி உடன் இருந்தோர் தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். கடல் தாண்டுவதே தோஷம் என்று கருதிய காலத்தில் அந்தக் கடலே அவர்களுக்குக் கங்கையாயிற்று.

அந்த இடத்தில் நினைவு மண்டபம் ஒன்று வேண்டும் என்று முதலில் கேட்டவர் தாஸ் குப்தா என்ற இந்திய மருத்துவ அதிகாரி. பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, 8 தூண்களும் குவிமாடமும் கொண்ட வெண்பளிங்கு மண்டபம் எழுந்தது. 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். 'சத்ரி' என்பது அதன் பெயர். குடை என்று பொருள். மண்டபத்தின் கீழே, சிதை மேடைகள் இருந்த இடத்தை மூன்று கருங்கல் பலகைகள் மூடியிருக்கின்றன.

இதுவரை சொன்னது நாம் மனம் நெகிழ்ந்து கேட்கக்கூடிய கதை. இனிச் சொல்லப்போவது நாம் தலைகுனிந்து கேட்கவேண்டிய கதை.

மேலே சொன்ன நிதியின் சார்பில் பிரோக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் லேடி ஹார்டிங் மருத்துவமனை நடந்தது. அங்கே சுகா என்ற துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். கை கால் இழந்து கிடந்த சிப்பாய்களின் மலமூத்திரத்தை அகற்றித் தூய்மை செய்வது அவர் தொண்டு. அந்த மருத்துவமனையில் யாருக்கும் கீழே நின்றவர். ஆனால் அவர் இல்லாமல் ஒரு நாளும் அது நடந்திராது. 1915 ஜனவரியில், பிறந்த மண்ணைவிட்டு வெகுதொலைவில், அவர் நோயுற்று இறந்துபோனார்.

அவர் உடலைத் தகனம் செய்ய இந்துக்கள் முன்வரவில்லை என்று சொல்லப்படுகிறது. தீண்டத்தகாதவர் என்பது காரணம். முஸ்லிம்களின் அடக்கத்தலத்திலும் இடம் கிடைக்கவில்லை. அவர் முஸ்லிம் அல்லர் என்பது காரணம். ஒன்பது சமையற்கூடமும் இரண்டு தண்ணீர்க் குழாயும் வைத்து எல்லோருடைய ஆசாரத்தையும் காத்த அந்த ஏற்பாட்டில், இந்த ஒரு மனிதருக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. செய்தி அறிந்த அவ்வூர்ப் பாதிரியார், தம் தேவாலயத்து முற்றத்திலேயே இடம் தந்தார். ஊர் மக்கள் செலவிட்டுக் கல் நாட்டினார்கள். இவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும், பிறர் நலனுக்காகவே உயிர் நீத்தார் என்பதையும் அந்தக் கல்லில் மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள். புனித நிக்கலஸ் தேவாலயத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

அநாதையாக இறந்தவருக்குச் சம்ஸ்காரம் செய்வது அச்வமேத யாகம் செய்த பலனைத் தரும் என்பது நம் முன்னோர் கண்ட தர்மம். காஞ்சி மகாபெரியவர் இந்தத் தொண்டைத் தம் உபதேசங்களில் எவ்வளவு வலியுறுத்தினார் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். உலகில் வேறெங்கும் போய்க் கற்கவேண்டிய பாடம் அன்று இது. நம் வீட்டுப் பாடம். ஆனால் பரீட்சை நாளன்று நாம் தோற்றோம். எழுதி முடித்தவர் வேறொருவர். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். சொல்லாமல் விட்டால் அதைவிடப் பெரிய கூச்சம்.

குன்றின்மேல் நின்ற சத்ரியும் நெடுங்காலம் பெயர்கள் இல்லாமலேயே நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ராணுவப் பயிற்சி நடந்து, பளிங்கில் குண்டுகள் பட்டதும் உண்டு. பிறகு சீராயிற்று. முன்னாள் படைவீரர் சங்கம் ஆண்டுதோறும் அங்கே சென்று அஞ்சலி செலுத்திவந்தது. அந்த முதியவர்களால் முடியாமற்போன காலத்தில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைத் தம் பொறுப்பாக ஏற்றார். இன்றும் ஜூன் மாதத்தில் அங்கே மலர் வைக்கிறார்கள். 2010 செப்டம்பர் 26 அன்று, சத்ரியின் அருகே 53 வீரர்களின் பெயர்களையும் பொறித்த கற்சுவர் திறக்கப்பட்டது. பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்த நாள் மகாளய பட்சத்தில் வருகிறது! ஏற்பாடு செய்தவர்கள் திதி பார்த்து நாள் குறித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பித்ருக்கள் தாமே பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் என் மனம் நம்புகிறது.

அன்பர்களே, நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கடல் கடந்து வாழ்கிறார்கள். நம் கடைசி நேரத்தில் யார் அருகில் இருப்பார்கள் என்ற கவலை நம்மில் பலருக்கு உண்டு. முன்பின் அறியாத ஒருவர் நம் வாயில் தண்ணீர் விடக்கூடும். அவர் என்ன குலம் என்று அப்போது நாம் கேட்கப்போவதில்லை.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உரிமை கோர ஆளின்றிக் கிடப்போருக்கு ஈமக்கடன் செய்யும் அன்பர்கள் இருப்பார்கள். மகாளயத்தில் பித்ருக்களை முன்னிட்டுக் கொடுக்கும் தானத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுங்கள். உடலில் தெம்புள்ளவர்கள் ஒரு நாள் உடன் சென்று வாருங்கள்.

வருகிற அமாவாசையன்று கடைசி மந்திரம் வரும்போது சாஸ்திரிகளைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். பொருளை உணர்ந்து நீரை விடுங்கள். அந்த 53 பேருக்கும் அதில் பங்குண்டு. சுகாவுக்கும் உண்டு. நூறாண்டு தாமதமாகச் சென்றாலும் நம் கை நீர் அவரைச் சேரட்டும்.