வாட்ஸ்அப்பும் வாந்திபேதியும்

போன மழைக்காலத்தில் எங்கள் மேல்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. "ஓட்டல் பரோட்டா வாங்கிக் கொடுத்தது என் தப்புதான் அக்கா" என்று அதன் அம்மா கண்கலங்கினாள். மறுநாள் என் சின்னவனுக்கும் ஆரம்பித்தது. நான் கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். இதையெல்லாம் வெளியே சொல்வானேன் என்று அவரவர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, "யார்கிட்டயாவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்! "எங்க வீட்டிலும்", "எங்க வீட்டிலும்" என்று ஒரு மணி நேரத்தில் ஏழு வீடுகள். ஏழுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். மூடியைத் திறந்தால் சாக்கடை கசிந்து கலந்திருந்தது.

"இதைத்தாம்மா உலகம் முழுக்கச் செய்யறாங்க" என்றாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2006-ல் 'ஹெல்த்மேப்' என்று ஒன்றை ஆரம்பித்தார்களாம். இணையத்தில் வரும் செய்திகளை நாம் மாவு சலிப்பது போலக் கம்ப்யூட்டர் சலித்து, எந்த ஊரில் என்ன நோய் என்று வரைபடத்தில் குறிக்கிறது.

ஹைட்டி நாட்டில் 2010 ஜனவரியில் பூகம்பம், அக்டோபரில் காலரா. ஆஸ்பத்திரிக் கணக்குகள் ஊர் ஊராக வந்து, சரிபார்த்து வெளிவர நாளாகும் அல்லவா? முதல் நூறு நாட்களில் ட்விட்டரில் ஜனங்கள் காலராவைப் பற்றி எழுதியதையும் ஹெல்த்மேப் செய்திகளையும் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அரசாங்கக் கணக்கோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போயினவாம். அதுவும் இரண்டு வாரம் வரை முன்னதாகவே கிடைக்கக் கூடியவை. கவனிக்காவிட்டால் காலரா சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். இரண்டு வாரம் என்றால் எத்தனை பிள்ளைகள்!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஜனங்கள் இணையத்தில் தேடுவதை வைத்து ஃப்ளூவைக் கணிக்கக் கூகுள் 2008-ல் ஒரு ஏற்பாடு செய்தது. 2012-13 குளிர்காலத்தில் அதன் கணக்கு, டாக்டர்களிடம் வந்தவர்களின் கணக்கைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2015-ல் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் படித்துப் பயந்தவர்கள் எல்லாம் தேடியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். "நீ ஒருத்தியே நாலு நோயாளி கணக்கும்மா!" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு நான் போனில் தேடிக்கொண்டே இருந்தபோது, பக்கத்தில் படுத்திருந்த சின்னவன் நாக்கு வறண்டு கிடந்தான். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டும். கைக்குழந்தையானால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டாயிற்று. இப்போது எங்கள் குழுவில் யார் வீட்டில் காய்ச்சல், பேதி என்றாலும் என்றைக்கு ஆரம்பித்தது, எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கூச்சப்படாமல் எழுதிவிடுகிறோம். மேல்வீட்டுப் பெண்தான் அதை நோட்டில் குறித்து வைக்கிறாள்.